நாலாம் பலகை

படிப்பகத் திறப்பு விழாவில் நீங்கள் சொன்னது பொய், தலைவர் ஐயா.

"அந்தக் காலத்தில் பாகூர்ச் சந்தையில் ஒரு தையல்காரன் இருந்தான். படிக்கிறவர்களை எல்லாம் பலகையில் எழுதி வைத்து அக்கரைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்தான். நான் மயிரிழையில் தப்பினேன்" என்று மைக்கு இல்லாமலே ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கை தட்டவில்லை. எழுந்து பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அன்றைக்கு நீங்கள்தான் சொன்னீர்கள். எழுதுகிறேன். எனக்கு நகாசு வேலை தெரியாது. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். செலியமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். அந்தச் சந்தையில் கத்திரிக்காய் விற்றவள். என் கூடை இருந்த இடம் தையல் கடைக்கு நேர் எதிரே. நடுவில் ஐந்தடி தெரு. அந்தக் கடையில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆளை எழுதி வைத்ததில்தான் இத்தனை வினையும் வந்தது.

அவரிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். டேப்பைத் தோளில் வைத்து அளந்துகொண்டே கேட்பார். "இப்ப இன்னா படிக்கிற?" படிக்கத் தெரியாதவர்கள் தெரியாது என்பார்கள். சரி என்று அடுத்து இடுப்பை அளப்பார். அதில் அவருக்கு ஏளனம் கிடையாது. ஆனால் படிக்கத் தெரிந்தவன் மழுப்பினால் விடமாட்டார். "எத்தினியாவது பக்கம்? அங்க இன்னா நடக்குது? உனுக்கு எங்க பயமா இருக்குது?" டேப்பு கழுத்தைச் சுற்றி நிற்கும். பதில் வரும்வரை எடுக்கமாட்டார்.

முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. "முடிச்சவன் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி பேசுவான். நடுவுல இருக்கிறவனுக்குத்தான் அடுத்தது இன்னா ஆவுமோன்னு இருக்கும். அவன் பேசணும். நான் கேக்கணும்" என்பார்.

என்னிடம் முதலில் கேட்டபோது நான் படித்துக்கொண்டிருந்தது உப்பு மடித்து வந்த காகிதம். கூடைக்குப் பின்னால் குனிந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் படித்தேன். எதிரிலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, இன்னா படிக்கிற?"

காகிதத்தைக் கசக்கி மடியில் செருகிக்கொண்டேன். பக்கத்தில் வெற்றிலை விற்ற அக்கா சிரித்தாள். "கேக்குறாரு இல்ல, சொல்லேன்டி."

"ஒண்ணுமில்லண்ணா. பொட்லக் காயிதம்."

"எதோட காயிதம்?"

"தெரியல. ஒருத்தி கெணத்தாண்ட நிக்குறா. அவளுக்குப் பின்னால யாரோ வராங்க. அத்தோட கிழிஞ்சிருக்குது."

அவர் மிஷினை நிறுத்தினார். கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து மளிகைக் கடைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பாதி கிழிந்த ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்தார். மளிகைக்காரர் மீதியைக் கிழிக்குமுன் பிடித்துவிட்டாராம். என் கூடையில் கத்திரிக்காய் மேல் போட்டார். "பின்னால வர்றது யாருன்னு அடுத்த சந்தைக்குள்ள எனக்குச் சொல்லணும். எனுக்கு இருப்பு கொள்ளாது."

அன்றிலிருந்து எனக்கு ஆறாம் பலகை.

கடையை மூடுவதற்கு ஏழு பலகைகள் இருந்தன. வரிசையாகச் செருகினால் கடை மூடும். பகலில் அவற்றைக் கழற்றித் தெருச் சுவரில் சாய்த்து வைப்பார். ஒவ்வொன்றின் மேலும், துணியில் கோடு போடும் சாக்கட்டியால் யார் என்ன படிக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். பெயர் போடமாட்டார். ஊரும் வேலையும்தான். ஒன்றாம் பலகை "தையல்காரன்". இரண்டு "நெட்டப்பாக்கம் வைத்தியர்". மூன்று மேரி என்கிற பிரெஞ்சு முனிசிபல் ஆபீசில் வேலை பார்த்த ஒரு குமாஸ்தா. ஐந்து எண்ணெய்க் கடைக்காரர். ஆறு "செலியமேடு கத்திரிக்காய்". ஏழு யாராவது புதிதாக வந்தால் என்று காலியாகக் கிடக்கும்.

நான்காம் பலகை "அக்கரை வாத்தியார்". நீங்கள்.

பலகையைப் பார்த்து, யாரிடம் எது இருக்கிறது, அடுத்து யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொள்வோம். புத்தகம் கை மாறும். ஆளுக்கு ஒரு நிறத்தில் நூல் வெட்டிக் கொடுத்திருந்தார். அவருக்கு வெள்ளை. வைத்தியருக்கு மஞ்சள். எனக்கு ஊதா. எந்தப் பக்கத்தில் நிற்கிறோமோ அங்கே நூலை வைக்க வேண்டும். முடித்தால் கடைசிப் பக்கத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் நூலைத் தொடக் கூடாது. புத்தகம் ஆறு கை சுற்றி வந்தால், யார் முடித்தார்கள், யார் பாதியில் விட்டார்கள் என்று நூலே சொல்லிவிடும். உங்களுக்குப் பச்சை. மறந்திருக்கமாட்டீர்கள்.

பொய் எழுதமாட்டார். அதுதான் அவர். மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நெட்டப்பாக்கம் வைத்தியர் ஒருமுறை ஏதோ பெரிய வேதாந்தப் புத்தகம் படிப்பதாகச் சொன்னார். "எத்தினியாவது பக்கம்?" என்றார் இவர். "அதெல்லாம் பக்கம் பார்த்துப் படிக்கிற புத்தகமில்லய்யா" என்றார் வைத்தியர். இவர் சாக்கட்டியை எடுத்தார். இரண்டாம் பலகையில் "வைத்தியர் – பொய்" என்று எழுதிவிட்டார். சந்தை முழுக்கப் பார்த்தது. வைத்தியர் இரண்டு வாரம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து கடைவாசலில் நின்று, "யோவ், துப்பறியும் கதைதான்யா. கொலை பண்ணது யாருன்னு தெரியாம தூக்கமில்ல. போதுமா? அழிச்சுத் தொல" என்றார். இவர் அழித்துவிட்டு, "யாரு மேல உனுக்குச் சந்தேகம்?" என்று ஆவலாகக் கேட்டார். வைத்தியர் அங்கேயே உட்கார்ந்து சமையல்காரன்மேல் ஒரு மணி நேரம் குற்றம் சாட்டினார்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் நான் மாட்டிக்கொண்ட நாளும் உண்டு. ஒருநாள் என் மாமியார் சந்தைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் படிப்பது அவளுக்குத் தெரியாது. நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படிப்பேன். அன்றைக்குப் பார்த்துத் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"தங்கச்சி, எத்தினியாவது பக்கத்துல கீற?"

"இன்னாடி கேக்குறான் அவன்?" என்றாள் மாமியார்.

"ரவிக்கை அளவு கேக்குறாரும்மா" என்றேன்.

அவர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "பொய் சொல்லாத தங்கச்சி. ஆத்தா, உன் மருமவ கதை படிக்குது. நல்லாச் சொல்லவும் சொல்லுது. கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. மாமியார் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் குதிருக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து அடுப்பங்கரையில் வைத்தாள். எரிக்கப் போகிறாள் என்று நின்றேன். "இங்க ஒக்காந்து படி. எனக்குக் காதுல விழற மாதிரி" என்றாள்.

அவருடைய உண்மை அந்த ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. எப்போதும் காப்பாற்றாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. எங்களுக்கெல்லாம் ஒரு மடத்தனம் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். அங்கே வைத்திருந்தால் சிறை என்கிற புத்தகத்தை இங்கே வாழைத்தார் பக்கத்தில் வைத்து விற்கலாம். அதனால் இந்தப் பக்கத்தில் எழுதியதை அந்தப் பக்கத்துக் கண் படிக்காது என்று நினைத்துக்கொண்டோம். கோடையில் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இருக்காது. அக்கரைக்காரர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு நடந்தே சந்தைக்கு வருவார்கள். காய்கறி வாங்க வருகிறவன் பலகையைப் படிக்கமாட்டானா? யாரும் யோசிக்கவில்லை.

சிவப்பு அட்டைப் புத்தகம் என் கையில்தான் முதலில் இருந்தது. வரி கட்டமாட்டோம் என்று ஒரு ஊர்க் குடியானவர்கள் மொத்தமாக உட்கார்ந்த கதை. அக்கரையில் அதற்குத் தடை. நான் முடித்து, கடைசிப் பக்கத்தில் ஊதா நூலை வைத்து, கடைக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் அங்கே இருந்தீர்கள். அக்கரையில் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கியது நீங்கள்.

"இதை மட்டும் எழுதாதீங்க தையக்காரரே. என் வேலைக்கு ஆபத்து" என்றீர்கள்.

"எழுத வேணாம்னா படிக்க வேணாம் வாத்தியாரே. வச்சிட்டுப் போ. ஒண்ணும் குறஞ்சிடாது."

நீங்கள் புத்தகத்தைப் புரட்டினீர்கள். வெளியே எண்ணெய்க் கடைக்காரரும் குமாஸ்தாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "சரி, எழுதுங்க. பெருசாவே எழுதுங்க. எவன் வந்து கேக்கறான்னு பாக்கலாம்" என்றீர்கள். அவர் எழுதினார். அவர் உங்களை வற்புறுத்தவில்லை. நீங்கள் கேட்டதால் எழுதினார். பெரிதாக எழுதச் சொன்னதும் நீங்கள்தான்.

அடுத்த சந்தை நாள் வந்தீர்கள். புத்தகத்தை வீட்டில் வைக்கப் பயம், அதனால் கடையில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றீர்கள். பாதியில் பச்சை நூல் இருந்தது. அவர் உங்களைச் சும்மா விடவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே ஒரு ரவிக்கைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நீங்களும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நன்றாகத்தான் சொன்னீர்கள். நான் கூடையிலிருந்தே காது கொடுத்தேன்.

உச்சி வெயிலில் இரண்டு ஆட்கள் வந்தார்கள். ஒருவன் சட்டையில் தோள்பட்டைக் கிழிசல். தைக்க வேண்டும் என்றான். மற்றவன் சுவரோரம் நிழலுக்கு ஒதுங்குகிற மாதிரி பலகைகளுக்கு முன்னால் நின்றான்.

வெற்றிலைக்கார அக்கா என் தொடையில் கிள்ளினாள். "காலப் பாருடி. முட்டிக்குக் கீழ மட்டும் வெளுத்துக் கெடக்குது. துணிப்பட்டி சுத்துற காலு."

பார்த்தேன். போலீஸ்காரன் கால்தான். அக்கரைப் போலீஸ். அவன் ஒன்றாம் பலகையைப் படித்தான். உதடு அசைந்தது. இரண்டாம் பலகைக்கு நகர்ந்தான். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்திரிக்காயை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கடைக்குள் துணி அடுக்குக்குப் பின்னால் போய்விட்டீர்கள். உங்கள் வேட்டி நுனி மட்டும் தெரிந்தது.

தையல்காரர் ஊசியை வாயில் கடித்துக்கொண்டு எழுந்தார். சாவகாசமாகத்தான் வந்தார். நாலாம் பலகையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனார். மேஜைமேல் படுக்க வைத்து, அதன்மேல் ஈரத் துணியைப் போட்டு, கரிப்பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். ஆவி எழும்பியது. மூன்றாம் பலகையைப் படித்து முடித்தவன் அடுத்ததற்கு நகர்ந்தான். அது ஐந்தாம் பலகை. பலகை ஒவ்வொன்றிலும் எண் வெட்டியிருந்தது.

"நாலு எங்க?" என்றான்.

"தேய்க்க எடுத்தேன்."

"அதுல யாரு?"

"நான்தான்."

"ஒண்ணாவதுலயும் தையக்காரன்னு போட்டிருக்குது."

"ரெண்டு படிக்கிறேன்."

அவன் உள்ளே வந்து ஈரத் துணியைத் தூக்கிப் பார்த்தான். எழுத்து கரைந்து போயிருந்தது. ஆனால் சிவப்பு அட்டை மிஷின் பக்கத்திலேயே கிடந்தது. அதை எடுத்துப் புரட்டினான். பச்சை நூலைத் தூக்கிப் பார்த்து அதே இடத்தில் வைத்தான்.

"இது உன்னுதா?"

"நான் படிக்கிறது. இது பிரெஞ்சு எல்லை. எழுதிக்குங்க."

தைரியமாகச் சொன்னார் என்று நான் எழுதினால் பொய். கிழிந்த சட்டையை அவர்தான் தைத்துக் கொடுத்தார். அந்தத் தையல் கோணலாகப் போனது. அவர் கையில் கோணல் தையலை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

போகும்போது ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். "அக்கரைப் பக்கம் வருவீங்களா தையக்காரரே?"

"கல்யாணத் துணி ஒண்ணு தரவேண்டி கீது" என்றார். அதற்கும் உண்மைதான் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர்கள் போன பிறகு நீங்கள் வெளியே வந்தீர்கள். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்பக்கமாக எண்ணெய்க் கடை வழியே போய்விட்டீர்கள். நான் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டேன்.

"ஏண்ணா அப்பிடிச் சொன்ன?"

"எழுதினது நான் தங்கச்சி. அழிச்சதும் நான். படிச்சதும் நானாவே இருந்துட்டுப் போறேன்."

"ஒரு சமயத்துல ஒருத்தருக்கு ஒரு புத்தகம்தான்னு நீதான சொல்லுவ."

"ஆமா. அதான் உறுத்துது." ஈரப் பலகையைத் துணியால் துடைத்தார். "இப்ப படிக்கிற கப்பல் கதையை முடிச்சிட்டு இதப் படிச்சிடுறேன். படிச்சிட்டா அது பொய்யில்ல இல்ல?"

போலீஸ் பயத்தைவிட அவரை அது அரித்துக்கொண்டிருந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

கல்யாணம் அந்த வாரத்திலேயே. பெண் வீடு உங்கள் ஊர். உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. அவர் போக வேண்டாம், வாத்தியார் அந்த ஊர்க்காரர்தானே, துணி மூட்டையை அவரிடம் கொடுத்து அனுப்பலாம் என்று நானும் வெற்றிலைக்கார அக்காவும் சொன்னோம். உங்களைத் தேடிப் பிடித்துக் கேட்டதும் நான்தான். ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி என்ன சொன்னீர்கள்?

"அவரு துணியோட என்னைப் பாத்தா என்ன நினைப்பாங்கம்மா? நாலு நாள் போவட்டும்."

கல்யாணம் நாலு நாள் காத்திருக்குமா?

அவரே போனார். போகுமுன் என் கூடையில் சிவப்பு அட்டையைப் போட்டார். "வச்சிக்க. வந்து படிக்கிறேன். நூலெல்லாம் இருக்குற எடத்துல இருக்கட்டும்." பிறகு தன் கப்பல் கதையைப் பற்றிச் சொன்னார். கப்பலில் தண்ணீர் ஏறுகிறதாம். கீழ்த்தட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் தெரியாதாம். மேல்தட்டில் தெரிந்தவன் சொல்லலாமா வேண்டாமா என்று நிற்கிறானாம். "அங்க வச்சிருக்கேன் நூல. அவன் சொல்லுவான்னுதான் நெனக்கிறேன். வந்து சொல்றேன்." மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.

துணி போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் அந்த ரவிக்கையில்தான் தாலி கட்டிக்கொண்டாள். திரும்பி வரும் வழியில் ஆற்று மணலில் வைத்து அக்கரைப் போலீஸ் பிடித்துக்கொண்டது.

ஏழு சந்தைக்குக் கடை மூடியே கிடந்தது. ஏழு பலகையும் செருகி, எழுத்தில்லாமல். என் கூடைக்கு எதிரே அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதிதாக யார் காய் வாங்க வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பேன். சிவப்பு அட்டை எங்கள் குதிரில் நெல்லுக்கு அடியில் இருந்தது. என்றைக்காவது வீட்டுக்கு வருவார்கள், என் புருஷனைக் கொண்டுபோவார்கள் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். வைத்தியர் வீட்டுக்கும் எண்ணெய்க் கடைக்கும் வருவார்கள் என்று அவர்களும் எதிர்பார்த்தார்கள். மற்ற நாட்களில் அக்கரையில் காய் விற்கப் போகிறவள்தானே நான்; என்னைப் பிடிப்பதும் அவர்களுக்குச் சுலபம். ஒருவரும் வரவில்லை.

தலைவர் ஐயா, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அவர் காட்டிக் கொடுத்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது உங்கள் வேலை. உங்கள் வேலை போகவில்லை. நீங்கள் அதே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் ஆகி, நிலம் வாங்கி, இக்கரைக்கு வந்து வீடு கட்டி, இன்று படிப்பகத் தலைவராக இருக்கிறீர்கள். நீங்கள் இருப்பதே அவர் வாய் திறக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

எட்டாவது சந்தைக்கு அவர் வந்தார். பலகைகளைக் கழற்றினார். ஒவ்வொன்றாகக் கழற்ற நேரமாயிற்று. வலது கட்டைவிரல் மடங்கவில்லை. ஊசி பிடிக்க முடியாது. என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. மூன்று சந்தை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். வைத்தியர் வந்து விரலுக்கு எண்ணெய் போட்டார். நீங்கள் ஒரு நாளும் வரவில்லை.

முதல் நாளே தெருவைத் தாண்டி வந்து என்னிடம் கேட்டார்.

"சிவப்பு அட்டை இருக்குதா தங்கச்சி? நான் இன்னும் படிக்கல."

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்ன ஒரே பொய்யை உண்மையாக்கப் பார்க்கிறார் என்று தெரியும். அன்றைக்குச் சந்தையில் தெரியாத முகங்கள் நாலைந்து இருந்தன. நான் பயந்தேன்.

"இல்லண்ணா. எரிச்சிட்டேன்."

அவர் தலையாட்டினார். நம்பினார். நான் சொல்வதை எப்போதும் நம்புவார். "பரவால்ல. உசுரு முக்கியம்" என்றார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இப்ப இன்னா படிக்கிற?"

"ஒண்ணும் படிக்கல."

அது உண்மைதான். அவர் போன நாளிலிருந்து நான் ஒரு வரி படிக்கவில்லை. அவர் திரும்பிப் போய், இடது கையால் சாக்கட்டியைப் பிடித்து, ஆறாம் பலகையில் மெதுவாக எழுதினார். "செலியமேடு கத்திரிக்காய் – ஒண்ணும் படிக்கல." எழுத்து கோணிக் கோணிப் போனது. என்னைத் தண்டிக்க எழுதவில்லை. உண்மை எதுவோ அதை எழுதினார். மூன்று வாரம் நான் அந்தப் பலகைக்கு நேராக உட்கார்ந்து காய் விற்றேன்.

நான்காம் வாரம் கடை திறக்கவில்லை. மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டார் என்று வெற்றிலைக்கார அக்கா சொன்னாள். வடக்கே காட்டேரிக்குப்பம் பக்கம் உறவு என்றார்கள். நான் ஒருமுறை அங்கே போய்க் கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். கப்பலில் மேல்தட்டில் நின்றவன் சொன்னானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பத்து வருஷமாக இருக்கிறது. எதற்கு எழுதினார்? வாயால் கேட்டுவிட்டு விட்டிருக்கலாம். உலகம் அவரைப்போல இருக்கும் என்று நினைத்த ஆள் மற்றவர்களையும் ஆபத்தில் மாட்டுவான். இதையும் அவர் எதிரே நின்றால் முகத்துக்கு நேராகச் சொல்வேன். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் நீங்கள் சொன்ன பொய்யை நான் விடமாட்டேன்.

ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் எல்லாரும் எழுந்து, இப்போது என்ன படிக்கிறோம், எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்று புது வழக்கம் வைத்திருக்கிறீர்கள். உங்கள் யோசனை என்று அறிவித்தீர்கள். அது யாருடைய யோசனை என்று உங்களுக்குத் தெரியும்.

வருகிற ஞாயிறு நான் முதலில் எழுந்து என் பொய்யைச் சொல்கிறேன். நான் எரிக்கவில்லை. குதிரில் இருந்தது, இன்றும் என்னிடம் இருக்கிறது. கொண்டுவருவேன். அதன் கடைசிப் பக்கத்தில் ஊதா நூல் இருக்கிறது. வெள்ளை நூல் எங்குமே இல்லை, ஏனென்றால் அவர் அதைத் திறந்துகூடப் படிக்கவில்லை. பாதியில் ஒரு பக்கத்தில் பச்சை நூல் அப்படியே நிற்கிறது. நான் தொடவில்லை. எந்தப் பக்கம் என்று இங்கே எழுதவும் இல்லை.

அடுத்து உங்கள் முறை. இப்போது படிப்பதை விட்டுவிடுங்கள். அந்தச் சந்தை நாளில் நீங்கள் என்ன படித்துக்கொண்டிருந்தீர்கள்? எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்? எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்.